கோபமே வராத பையன்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். ஒரு அனிமே தொடரைப் பத்தினது. "டாக்டருக்கு வேற வேலையே இல்லையா?"ன்னு கேட்கிறவங்க இப்பவே ஸ்க்ரோல் பண்ணிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். 'மாப் சைக்கோ 100' இன்னும் பார்க்காதவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடைசி எபிசோட் வரைக்கும் கதையைச் சொல்லப் போறேன். அப்புறம் ஸ்பாய்லர்னு திட்டக்கூடாது.

நான் இதுக்குள்ள வந்த கதையை முதல்ல சொல்லிடறேன்.

அடிக்கடி வயித்துவலின்னு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.) எட்டாவது படிக்கிற வயசு. ஸ்கேன் நார்மல். ரத்தப் பரிசோதனை நார்மல். எடை குறையல, மலத்துல ரத்தம் இல்ல, ராத்திரி வலியில எழுந்திரிக்கிறதும் இல்ல. இதெல்லாம் இருந்திருந்தா வேற பாதையில போயிருப்போம். வலி பொய்யில்ல. உண்மையான வலி. ஆனா காரணம் குடல்ல மட்டும் இல்லைங்கிற வகை.

அம்மா சொன்ன வாக்கியம்தான் மனசுல நின்னுச்சு. "தங்கமான பையன் டாக்டர். கோபமே வராது. அழவே மாட்டான். அவங்க அப்பா தவறினப்பகூட எல்லாரையும் இவன்தான் தேத்தினான்."

இதைப் பெருமையாத்தான் சொன்னாங்க.

பையன் கேட்ட கேள்விக்கெல்லாம் "ம்", "தெரியல", "பரவால்ல". அவன் போன் திரையில கிண்ணத்தைக் கவுத்து முடி வெட்டின மாதிரி ஒரு பையன் படம் இருந்துச்சு. யாருப்பா இதுன்னு சும்மா கேட்டேன். அடுத்த பத்து நிமிஷம் அவன் நிறுத்தவே இல்ல. வெளியே வரிசையில பேஷன்ட்ஸ் முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. "சார், நீங்க பாருங்க சார், 37 எபிசோட்தான்"னு சொல்லிட்டுப் போனான்.

பார்த்தேன். ரெண்டு மாசம் ஆச்சு, டியூட்டிக்கு நடுவுல. பல பேர் சொல்ற ஒரு கருத்து எனக்குத் தப்புன்னு படுது. அதுக்குத்தான் இந்த த்ரெட்.

தொடர் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. ஒன் என்ற பேர்ல எழுதற ஜப்பானியக் கலைஞர் (ஒன்-பஞ்ச் மேன் எழுதினவரும் இவர்தான்) 2012-ல வரைய ஆரம்பிச்ச மாங்கா இது. போன்ஸ் ஸ்டுடியோ அனிமேயாக்கினாங்க. 2016, 2019, 2022-ன்னு மூணு சீசன். நாயகன் ஷிகெயோ ககெயாமா, வயசு 14. 'மாப்'ங்கிறது பட்டப்பேர். ஜப்பான்ல கதையில கூட்டத்தோட கூட்டமா நிக்கிற பேர் தெரியாத பாத்திரத்தை அப்படித்தான் சொல்லுவாங்க. கதாநாயகனுக்குப் பேரே 'கூட்டத்துல ஒருத்தன்'.

அவனுக்கு ஆவிகளை விரட்டற, கட்டடத்தையே தூக்கற அளவுக்கு அமானுஷ்ய சக்தி. ஆனா பள்ளிக்கூடத்துல அவனுக்குப் படிப்பும் வராது, ஓட்டமும் வராது, பேச்சும் வராது. கொஞ்சம் ஓடினா மயங்கி விழுந்துடுவான். முகத்துல எதுவுமே தெரியாது.

ஏன் தெரியாதுங்கிறதுதான் கதையோட வேர். சின்ன வயசுல ஒரு நாள் பெரிய பசங்க அவனையும் தம்பி ரிட்ஸுவையும் மடக்கறாங்க. அடி வாங்கி நினைவு தப்பிய நிலையில அவன் சக்தி தானா வெளியே வருது. கண் முழிச்சுப் பார்த்தா எல்லாரும் காயத்தோட கிடக்கறாங்க. தம்பியும்தான். அன்னைக்கு அந்தப் பிள்ளை ஒரு முடிவுக்கு வருது: எனக்குக் கோபம் வந்தா எனக்குப் பிடிச்சவங்களுக்கு அடிபடும். அதனால கோபமே வரக்கூடாது. கோபத்தை மட்டும் தனியா எடுத்துப் பூட்டி வைக்க முடியாதே. சிரிப்பு, அழுகை எல்லாத்தையும் சேர்த்துப் பூட்டிட்டான்.

திரையில ஒரு எண் ஓடும். 15 சதவீதம், 48, 76... யாராவது அவமானப்படுத்தினா ஏறும், பயந்தா ஏறும், வருத்தப்பட்டா ஏறும். 100 ஆனா வெடிப்பு. ரசிகர்கள் விசிலடிக்கிற இடம் அதுதான். யூடியூப்ல இந்த வெடிப்புகளை மட்டும் வெட்டி ஒட்டின வீடியோக்கள் எக்கச்சக்கம். கீழே கமெண்ட்ல, "உள்ளேயே வெச்சிருந்தான், கடைசியில வெளியே விட்டான், அதுதான் அவனோட வளர்ச்சி"ன்னு எழுதறாங்க.

இல்லைங்க. இந்தத் தொடர் சொல்றது நேர் எதிர்.

ஒவ்வொரு வெடிப்புக்கு அப்புறமும் அவன் முகத்தைப் பாருங்க. நிம்மதி இருக்கா? தெருகின்னு இன்னொரு சக்திக்காரப் பையனோட சண்டை நினைவிருக்கா? பள்ளிக்கூடக் கட்டடமே தூள் தூளாகுது. எதிராளி தலைமுடி போய், துணி போய், அகங்காரமும் போய் நிக்கிறான். நமக்கெல்லாம் ஆகா ஓகோ. மாப் மட்டும் அழறான். மனுஷங்க மேல இந்த சக்தியைக் காட்ட மாட்டேன்னு எடுத்த உறுதி உடைஞ்சு போச்சேன்னு அழறான்.

இங்க கொஞ்சம் மருத்துவம் பேசணும், பொறுத்துக்கோங்க.

உணர்ச்சியைப் பத்தி நம்ம எல்லார் மனசுலயும் ஒரு குக்கர் இருக்கு. அழுத்தம் ஏறும், விசில் விட்டா இறங்கும். "மனசுல வெச்சுக்காத, கத்தித் தீர்த்துடு." கேட்க நல்லாத்தான் இருக்கு. 2002-ல பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் இதைச் சோதிச்சுப் பார்த்தார். கோபமூட்டப்பட்டவங்கள்ல ஒரு பகுதியினரை, கோபமூட்டின ஆளை நினைச்சுக்கிட்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார். சும்மா உட்கார்ந்திருந்தவங்களைவிட அவங்களுக்குத்தான் கோபம் கூடுதலா இருந்துச்சு.

சரி, அப்போ அடக்கறது நல்லதா? அதுவும் இல்ல. 1993-ல ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ரெண்டு பேரும் அருவருப்பூட்டற படத்தைக் காட்டி, பார்க்கிறவங்கள்ல ஒரு பாதிப் பேரை முகத்துல எதையும் காட்டாதீங்கன்னு சொன்னாங்க. அவங்க முகம் சலனமில்லாம இருந்துச்சு. உள்ளே அருவருப்பு குறையல. அதுக்கு மேல, விரல் ரத்தக் குழாய்கள் இன்னும் சுருங்குச்சு, உள்ளங்கை வியர்வை ஏறுச்சு. முகம் அமைதி, உடம்பு ஓவர்டைம் பாக்குது. வயித்துவலிப் பையன் இப்போ ஞாபகத்துக்கு வர்றானா?

அடக்கினாலும் ஆபத்து, வெடிச்சாலும் ஆபத்து. அப்போ என்னதான் பண்றது? மாப்போட மூணு சீசனும் இந்தக் கேள்விக்குள்ளதான் நடக்குது. அதுக்கு விடை சண்டைக் காட்சிகள்ல இல்ல. சண்டை இல்லாத இடங்கள்ல இருக்கு.

முதல் இடம், உடல்பயிற்சி மன்றம். மாப் பள்ளியில எந்த மன்றத்துல சேரலாம்னு யோசிக்கிறான். டெலிபதி மன்றத்துக்காரங்க வா வான்னு கூப்பிடறாங்க, அவனுக்கு அது அல்வா சாப்பிடற மாதிரி. ஆனா அவன் போய்ச் சேர்றது மலை மலையா தசை வெச்ச பசங்க இருக்கிற மன்றத்துல. ஏன்னா சின்ன வயசுல இருந்து பிடிச்ச பொண்ணு ட்ஸுபோமிக்கு அவன் சக்தி சலிச்சுப் போச்சு. அங்க முதல் நாளே மயங்கி விழறான். அந்த முரட்டுப் பசங்க ஒருத்தன்கூட கேலி பண்ணல. தோத்தா ஒண்ணும் ஆகாதுங்கிற பாடம் அவனுக்கு அங்கதான் கிடைக்குது. உலகத்தையே புரட்டற பையன் நாலு தண்டால் எடுக்கத் திணறிக்கிட்டிருப்பான், பக்கத்துல நாலு பேர் உற்சாகப்படுத்திக்கிட்டிருப்பாங்க. எனக்கு இந்தத் தொடர்லயே பிடிச்ச காட்சிகள் இவைதான்.

ரெண்டாவது ஆள் ரெய்கென். சரியான டுபாக்கூர். ஆவிகளை விரட்டறேன்னு ஆபீஸ் போட்டிருக்கான், துளி சக்தி கிடையாது. தோள்ல பேய் உட்கார்ந்திருக்குன்னு வர்றவங்களுக்கு மசாஜ் பண்ணி அனுப்புவான், அவங்களும் வலி போச்சுன்னு காசு கொடுத்துட்டுப் போவாங்க. (என் தொழில்ல இருக்கிற சிலர் ஞாபகத்துக்கு வந்தாங்க, பேர் சொல்ல மாட்டேன்.) நிஜப் பேய் வந்துட்டா மாப்பைக் கூப்பிடுவான். மணிக்கு 300 யென் கூலி. கொள்ளை.

ஆனா இந்தப் பித்தலாட்டக்காரன்தான், சின்னப் பையனா தன்னைத் தேடி வந்த மாப்கிட்ட ஒரு உருப்படியான விஷயம் சொல்றான். ஒருத்தன் வேகமா ஓடுவான், ஒருத்தன் நல்லாப் படிப்பான், உனக்கு இது. அவ்வளவுதான். இதனால நீ உசத்தியும் இல்ல, ராட்சசனும் இல்ல. நல்ல மனுஷனா இரு. தன்னையே பார்த்து நடுங்கிக்கிட்டிருந்த பிள்ளைக்கு அதுவரைக்கும் யாரும் இதைச் சொல்லல.

முதல் சீசன் கடைசியில எதிரிகள் சுத்தி நிக்கிறாங்க. மாப்புக்குள்ள கொல்லணும்ங்கிற வெறி ஏறிக்கிட்டிருக்கு. மத்த தொடரா இருந்தா குரு என்ன சொல்லுவார்? "உன் முழு பலத்தையும் காட்டு!" ரெய்கென் சொல்றது: பிடிக்கலைன்னா ஓடிப் போயிடலாம், தப்பில்ல. ஒரு பதினாலு வயசுப் பிள்ளை தலையில இதையெல்லாம் சுமத்தாதேன்னு குறுக்கே நிக்கிறான். அந்த இடத்துல லேப்டாப்பை நிறுத்தி வெச்சுட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சேன். இத்தனை வருஷ மருத்துவப் படிப்புல, "முடியலைன்னா கொஞ்சம் விலகிக்கோ"ன்னு யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல.

ரெண்டாவது சீசன்தான் என் கணக்குல உச்சம். முதல் எபிசோடையே எடுத்துக்கோங்க. மாணவர் தேர்தல்ல மேடையேறி ஒரு வார்த்தை வராம உறைஞ்சு நிக்கிறான். அதுக்கப்புறம் எமின்னு ஒரு பொண்ணு வந்து உன்னைப் பிடிச்சிருக்குங்கிறா. உண்மையில அது தோழிகளோட விளையாட்டுப் பந்தயம். அவ ரகசியமா எழுதின கதையைத் தோழிகளே கிழிச்சுப் போடறாங்க. மாப் தரையில குனிஞ்சு துண்டு துண்டா பொறுக்கறான். காத்துல பறக்குது. அப்போதான் சக்தியைப் பயன்படுத்தி எல்லாத் துண்டையும் ஒண்ணு சேர்க்கறான். 100 சதவீதம் ஆகல. யாருக்கும் அடியில்ல. இது மாதிரி நேரத்துல அடக்கவும் செய்யல, வெடிக்கவும் செய்யல. என்ன தோணுச்சோ அதைச் செஞ்சான்.

மொகாமி கதைப்பகுதி பத்தி மட்டும் தனியா எழுதலாம். மொகாமி ஒரு செத்துப் போன மந்திரவாதி, மனுஷங்க மேல வெறுப்பே உருவானவன். மாப்பைத் தான் உண்டாக்கின ஒரு மன உலகத்துல அடைக்கிறான். அங்க சக்தி இல்ல, தம்பி இல்ல, ரெய்கென் இல்ல. ஆறு மாசம் தினமும் கேலி, அடி. மொகாமியோட வாதம் எளிமையானது: இந்தச் சூழல்ல வளர்ந்திருந்தா நீயும் நானாத்தான் ஆகியிருப்ப. மாப் இதை மறுக்கலைங்கிறதுதான் அழகு. உண்மைதான், என்னைச் சுத்தி இருந்தவங்க என்னை மாத்தினாங்க, அது என் அதிர்ஷ்டம்னு புரிஞ்சுக்கறான். "நான் நல்லவன், அதனால தப்பிச்சேன்"னு சொல்றவன் இன்னும் வளரல. மன உறுதி, வில் பவர்னு மேடை போட்டுப் பேசற நம்ம ஊக்கப் பேச்சாளர்களுக்கு இந்த ரெண்டு எபிசோடைப் போட்டுக் காட்டணும்.

அதுக்கு அடுத்தது ரெய்கெனோட பிரிவு. மாப்புக்கு நண்பர்கள் கிடைச்சது ரெய்கெனுக்குப் பொறுக்கல, மட்டமா பேசிடறான். இங்க நம்பர் ஏறும், வெடிக்கும்னு எதிர்பார்த்தேன். மாப் அமைதியா விலகிப் போயிடறான். எனக்கு இது பிடிக்கலைன்னு ஒரு பெரியவர்கிட்ட சொல்லி விலகறதுக்கு, ஒரு கட்டடத்தைத் தூக்கறதைவிட அதிக பலம் வேணும். அப்புறம் ரெய்கென் குட்டு உடைஞ்சு டிவி கேமராக்கள் முன்னாடி தனியா மாட்டிக்கிறப்ப, மாப்தான் தூரத்துல இருந்து மைக்கையும் கேமராவையும் பறக்க விட்டுக் காப்பாத்தறான். திரும்பி நடந்து வர்றப்ப, என் நிஜ முகம் தெரிஞ்சு போச்சான்னு ரெய்கென் கேட்கிறான். ஆரம்பத்துல இருந்தே தெரியும், நீங்க நல்ல மனுஷன்னு பதில் வருது. அடேய், இத்தனை நாள் உணர்ச்சியே இல்லாதவன்னு நினைச்சோமே, நீ எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தியா!

இந்த இடத்துல ஒரு சின்ன வேண்டுகோள். இணையத்துல மாப்புக்கு என்ன டிஸார்டர்னு சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. 1970-கள்ல பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 'அலெக்ஸிதைமியா'ன்னு ஒரு சொல்லை உருவாக்கினார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாத நிலைன்னு பொருள். அதை எடுத்து மாப் நெத்தியில ஒட்டறாங்க. கற்பனைப் பாத்திரத்துக்கு டயக்னோசிஸ் எழுத எனக்கு உடன்பாடில்ல. அதுவும் அவன் விஷயத்துல பொருந்தவும் இல்ல. அவன் பயந்து போய்ப் பூட்டினவன். பூட்டினவனுக்குச் சாவி எங்கன்னு தெரியும், தொடத்தான் பயம்.

கடைசிப் பகுதி. ட்ஸுபோமி ஊர் மாறிப் போகப் போறா. மாப் பூங்கொத்து வாங்கிக்கிட்டு மனசைச் சொல்லக் கிளம்பறான். வழியில வண்டி மோதிடுது. நினைவு தப்புது. சின்ன வயசுல தம்பியைக் காயப்படுத்தினதே, அந்த இன்னொருத்தன் எழுந்திரிக்கிறான். திரையில சதவீத எண் இல்ல, கேள்விக்குறிகள்தான். ஊரைப் பிய்ச்சு எறிஞ்சுக்கிட்டே, கையில பூங்கொத்தோட அவ இருக்கிற இடத்தை நோக்கி நடக்கறான்.

அவனோட குறை என்ன தெரியுமா? இத்தனை வருஷம் என்னை உள்ளே தள்ளிப் பூட்டி வெச்சியே, அவளை விரும்பினது நானும்தானே. ஊரே இடியற அந்தக் காட்சியில எனக்குத் தெரிஞ்சது வில்லன் இல்ல. வீட்டுக்குள்ள சேர்க்கப்படாத ஒரு குழந்தை.

நண்பர்கள், தம்பி, எல்லாரும் வந்து தடுத்துப் பார்க்கறாங்க. முடியல. கடைசியில சூறாவளிக்குள்ள நடந்து வர்றது ஒரு சக்தியும் இல்லாத ரெய்கென். வந்து, தான் ஒரு பொய்யன், எந்த சக்தியும் கிடையாதுன்னு முதல் தடவையா தன் வாயாலயே சொல்றான். அவன் மறைச்சு வெச்சிருந்ததை வெளியே வெச்சதும்தான், மாப்பால தான் மறைச்சு வெச்சிருந்தவனை ஏத்துக்க முடியுது. அந்த இன்னொருத்தனை மாப் ஜெயிக்கல, அழிக்கல. நீயும் நான்தான்னு சேர்த்துக்கறான்.

அப்புறம் ட்ஸுபோமிகிட்ட போய்ச் சொல்றான். அவ மறுத்துடறா.

அவ்வளவுதான். மூணு சீசனா சேர்த்து வெச்ச காதல், ஒரு நிமிஷத்துல 'இல்ல'ன்னு பதில். எண் ஓடல. ஜன்னல் கண்ணாடி அதிரல. 14 வயசுப் பையனுக்கு மனசு உடையுது, உடைஞ்ச மனசோட அடுத்த நாளுக்குப் போறான். அவ ஏத்துக்கிட்டிருக்கணும்னு கோவிச்சுக்கிற ரசிகர்கள் உண்டு. ஏத்துக்கிட்டிருந்தா இத்தனை பாடும் ஒரு பரிசுக்காகன்னு ஆகியிருக்கும். 'இல்ல'ன்னு கேட்டுட்டு, அந்தப் பொண்ணையும் வெறுக்காம, தன்னையும் வெறுக்காம இருக்கத் தெரிஞ்சிருக்கே. மறுத்த பொண்ணு மேல ஆசிட் வீசறவன் செய்தியை எத்தனை தடவை படிச்சிருக்கோம். தீக்காய வார்டுல வேலை பார்த்தவன்ங்கிறதால இந்தக் காட்சி எனக்கு வெறும் பள்ளிக்கூடக் காதல் கதையாத் தெரியல.

என்னைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன், இல்லைன்னா இந்த த்ரெட் நேர்மையா இருக்காது. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு குழந்தைக்கு நாற்பது நிமிஷம் சிபிஆர் கொடுத்தோம். பிழைக்கல. அந்தத் தாய்கிட்ட சொல்லிட்டு வெளியே வந்தேன், கண் கலங்கிடுச்சு. "அழுகிறவன் இந்த வேலைக்கு வரக்கூடாது"ன்னு ஒரு சீனியர் சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். நான் நல்ல மாணவன், ஒரே தடவையில கத்துக்கிட்டேன். பதினோரு வருஷம் கழிச்சு என் அப்பா இறந்தப்ப, இறப்புச் சான்றிதழுக்கு எத்தனை ஜெராக்ஸ் எடுக்கணும்னு கணக்குப் போட்டுக்கிட்டு நின்னேன். எவ்வளவு தைரியம் பாருன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. அது தைரியம் இல்ல. அழுகை எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்து போச்சு.

முதல் சீசன் மூணாவது எபிசோட்ல ஒரு மதக் கும்பல் வரும். எல்லாரும் சிரிப்பு முகமூடி போட்டுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாங்க. மாப்பால மட்டும் சிரிக்க முடியாது. ஜப்பான்ல 'காத்தைப் படிக்கிறது'ன்னு ஒரு வழக்கு உண்டு. சபையோட மனநிலையைப் புரிஞ்சு அதுக்கேத்த மாதிரி நடந்துக்கிறதுன்னு அர்த்தம். அது தெரியாதவன்னு அவனை அங்க குத்திக் காட்டுவாங்க. அப்போ எனக்கு அது வெறும் காமெடி எபிசோடாத்தான் தெரிஞ்சுது.

வயித்துவலிப் பையன் போன மாசம் மறுபடி வந்தான். குழந்தைகள் மனநல ஆலோசகர்கிட்ட அனுப்பியிருந்தோம், ஆறு அமர்வு முடிஞ்சிருக்கு. வலி முழுசாப் போகல, வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு நாள் இருக்கு. "இவன் இப்போ எதிர்த்துப் பேசறான் டாக்டர், அன்னிக்குக் கதவை அறைஞ்சு சாத்திக்கிட்டு அப்பா போட்டோவை வெச்சுக்கிட்டு ஒரே அழுகை, எதாவது மாத்திரை கொடுங்க"ன்னு அம்மா கவலையா சொன்னாங்க. மாத்திரை வேண்டாம்மா, அழட்டும், நீங்க பக்கத்துல மட்டும் இருங்கன்னேன். அவங்களுக்கும் கண் கலங்குச்சு. அவங்களும் அழுது ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

பையன் என்னைப் பார்த்து, "சார், பார்த்து முடிச்சிட்டீங்களா?"ன்னான்.

முடிச்சிட்டேன், எனக்கு ரெய்கெனைத்தான் ரொம்பப் பிடிச்சுதுன்னேன்.

"எல்லாப் பெரியவங்களும் அதைத்தான் சொல்லுவாங்க சார். கடைசியில ரெய்கென் பர்த்டேல அவன் மூஞ்சியில கேக் அப்பிக்கும்ல, அப்போ மாப் சிரிப்பான்ல, நல்லா வாயத் தொறந்து? நான் அதை மட்டும் தினமும் பார்ப்பேன்."

போனை எடுத்து, அந்த இடத்தை எனக்குப் போட்டுக் காட்டினான்.